கடலோரத்து ஆம்ப் ஏன் மக்கர் பண்ணுகிறது?

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் ஸ்கேல் பற்றியோ கார்டு பற்றியோ அதிகம் கேட்பதில்லை. “அண்ணே, ஆம்ப் ஒழுங்கா பாட மாட்டேங்குது. வித்துட்டு வேற வாங்கிடட்டுமா?” என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். கடைசிப் பகுதியை ஆம்ப் இல்லாதவர்களும், குறிப்பாகக் கோயில் விழா, சபை விழா, கல்யாண மேடை ஏற்பாடு செய்கிறவர்களும் படிக்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்காதீர்கள். விட்டு விட்டு வேலை செய்யும் ஆம்ப் பெரும்பாலும் கெட்டுப்போன ஆம்ப் இல்லை. ஐசி எரிந்தால், ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் சத்தம் ஒரேயடியாக நின்றுவிடும். வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது என்றால், தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு உலோகங்கள் எங்கேயோ சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தாலோ, ஒரு பொட்டு ஈயம் வைத்தாலோ வேலை முடிந்தது. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நம் ஊர் காற்று அதை இன்னும் கஷ்டமாக்குகிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளில் அலை மோதித் தெறிப்பது ரோட்டிலேயே நம் மேல் விழும். அந்தத் துளி காய்ந்தாலும் உப்பு காற்றில் மிதக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டுப் பூட்டு என்று எல்லாவற்றிலும் உட்காரும். ஆம்பின் பின்பக்கம் திறந்திருப்பதால் அதற்குள்ளும் போய் உட்காரும். உப்பு சும்மா கிடந்தால் பரவாயில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னைக் கடலோரத்தில் ராத்திரியும் விடியற்காலையும் 75-ஐத் தாண்டாத நாள் குறைவு. ஆக, ராத்திரி ஆனதும் ஆம்ப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஜாக்கின் மேலும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உட்காருகிறது. மதியம் ஓரளவு காய்கிறது. மறுபடி ராத்திரி நனைகிறது.

இதோடு கந்தகமும் சேர்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடத்தில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். பக்கிங்காம் கால்வாய் ஓரமாக நடந்தால் அழுகிய முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பதும் ஜாக்குக்குள் இருக்கும் வெள்ளி, செம்பு முலாம்களைக் கறுக்க வைப்பதும் இதுதான். கறுத்த படலம் மின்சாரத்தைச் சரியாக விடாது. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலோ மில்லி வோல்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு போகும் பலம் அதற்கு இல்லை.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க உலோகம் எங்கெங்கே எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று ஆராய்ந்து ஒரு அரிப்பு வரைபடமே போட்டிருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த நிறுவனம் அது. பாலம் கட்டுகிறவர்களும் கப்பல் கட்டுகிறவர்களும் அரிப்பைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். 1940-களின் கடைசியில் எண்ணூரில் கார்த் தொழிற்சாலை வந்தது, 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்த நம் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் துருவைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. பெயின்ட், கிரீஸ், முலாம் எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. அந்த அறிவை ஆம்ப் பக்கம் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என் ஆம்ப் ஒரு பழைய ட்ரான்ஸிஸ்டர் காம்போ. 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, பின்னால் எஃபெக்ட்ஸ் லூப். பெயர் வேண்டாம். நல்ல ஆம்ப். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பிராக்டிஸ் நடந்தது மொட்டை மாடி அறையில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில். சாயங்காலம் போட்டால் முதலில் கரகரக்கும். வாசித்துக்கொண்டே இருக்கும்போது சத்தம் பாதியாக இறங்கிச் சன்னமாகிவிடும். ஒரு பவர் கார்டை ஓங்கி அடித்தால் பளிச்சென்று திரும்ப வரும். கொஞ்ச நேரம் நன்றாகப் பாடும். மறுபடி இறங்கும்.

நகரத்துக்குள் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பகலில், ஃபேன் ஓடும் அறையில், அங்கே அது அப்பழுக்கில்லாமல் பாடியது. இருந்தாலும் அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்களை மாற்றினார்கள், ஸ்பீக்கர் வயரை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே பழைய கதை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. கோளாறு அவர் கண்ணில் படவே இல்லை. காணாத கோளாறை யாரும் சரி பண்ண முடியாது. நாம் ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறோம். அதைக் கெடுக்கும் காற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

பிறகு தண்டையார்பேட்டைப் பக்கம் மைக் செட் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். ரோட்டோரம் சின்னக் கடை. மேலே பழைய ஹாரன் ஸ்பீக்கர்கள் தொங்கும், கீழே கோயில் திருவிழாவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபையர்கள் அடுக்கியிருக்கும். கிட்டார் ஆம்பை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பபா போவுது? போட்ட ஒடனேயா, கொஞ்ச நேரம் ஓடினப்பொறமா?”

“போட்ட உடனேதான் மோசம் அண்ணே. அரை மணி நேரம் ஓடினா கொஞ்சம் பரவாயில்லை.”

“அப்ப இது சூட்டு கேஸ் இல்ல. ஈர கேஸ். போர்டுல ஒண்ணும் இருக்காது, வா பாப்போம்.”

காய்ச்சல் எந்நேரம் ஏறுகிறது என்று கேட்டுவிட்டு நாடியைத் தொடும் வைத்தியர் மாதிரி இருந்தது. இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஆம்ப்களில் இரண்டு வகைக் கோளாறுகள்தான் அதிகம். இரண்டும் எதிரெதிர் நேரத்தில் வரும்.

ஒன்று ஈரக் கோளாறு. போட்டதும் கரகரப்பு, படபடப்பு, சத்தம் இறங்குவது. ஆம்ப் சூடாகச் சூடாக உள்ளே காய்ந்து சரியாகும். மழை நாளில், ராத்திரியில், கொஞ்ச நாள் போடாமல் வைத்திருந்து எடுத்தால் மோசமாக இருக்கும். இதற்குக் காரணம் ஜாக், சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோல் ஆகியவற்றில் படிந்த உப்பும் கறுப்பும்.

மற்றது சூட்டுக் கோளாறு. போட்டதும் அருமையாகப் பாடும். இருபது, முப்பது நிமிடம் கழித்து விட்டு விட்டுப் போகும். அணைத்து ஆற வைத்தால் திரும்ப வரும். இது மெக்கானிக்குகள் ‘ட்ரை சால்டர்’ என்று சொல்வது. ஈயம் வைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். சூட்டில் உலோகம் விரியும்போது அந்த இணைப்பு விலகும். காம்போ ஆம்பில் ஸ்பீக்கரும் போர்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஆம்ப் தன் சத்தத்தாலேயே தன் ஈயத்தை உலுக்கிக்கொண்டிருக்கிறது. இன்புட் ஜாக்கின் கால்கள், ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கனமான பின்கள், பவர் ட்ரான்ஸிஸ்டர்களின் கால்கள் ஆகிய மூன்று இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெக்கானிக் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியால் போர்டை மெல்லத் தட்டிக்கொண்டே போவார். தட்டும்போது எங்கே சத்தம் வெட்டுகிறதோ அங்கே விரிசல்.

என் ஆம்புக்கு வருவோம். பெரியவர் போர்டைத் தொடவே இல்லை. பின்னால் இருந்த எஃபெக்ட்ஸ் லூப்பைக் காட்டி “இது இன்னாத்துக்கு?” என்று கேட்டார். பெடல் போடுவதற்கு என்றேன். “போடுறியா?” போடுவதில்லை. “அதான்” என்றார்.

விஷயம் இதுதான். எஃபெக்ட்ஸ் லூப்பில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கும். நாம் எதுவும் சொருகாதபோது சிக்னல் சும்மா கடந்து போவதற்காக, பல ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளேயே ஒரு சின்னத் தகடு இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். உங்கள் கிட்டார் சத்தம் முழுவதும் அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. பெடல் சொருகாமல் வருஷக்கணக்கில் விட்டால் அந்தப் புள்ளியை யாருமே துடைப்பதில்லை. உப்பும் கந்தகமும் படிந்து படலம் கட்டிவிடும். மெதுவாக வாசித்தால் சிக்னல் கடக்காது. ஓங்கி அடித்தால் வோல்டேஜ் ஏறி, படலத்தை உடைத்துக்கொண்டு கடக்கும். அதனால்தான் பவர் கார்டு அடித்ததும் சத்தம் திரும்பி வந்தது.

சோதிப்பது சுலபம். ஒரு சின்ன கிட்டார் வயரை எடுத்து சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்குச் சொருகுங்கள். கோளாறு போய்விட்டதா? அப்படியானால் அந்தத் தகடுதான். ஆம்பைத் திறக்கவே வேண்டாம். கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாக்குக்குள் கொஞ்சமாக அடித்து, கிட்டார் பின்னை உள்ளே வெளியே என்று பல தடவை போட்டு எடுங்கள். உராய்வில் கறுப்பு போகும். இன்புட் ஜாக்குக்கும் இதே வைத்தியம். அதிலும் பின்னைத் தொடும் ஒரு தகடு இருக்கிறது. அது அழுக்கானால் பின் சொருகிய பிறகும் சத்தம் வராமல் போகலாம்.

என் ஆம்ப் அந்தக் கடையிலேயே சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நல்ல பாட்ச் வயர் ஒன்றை லூப்பில் நிரந்தரமாகச் சொருகியே வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துப் போடுவேன், எல்லா வால்யூம் கண்ட்ரோலையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகுவேன். கடலோரத்தில் ஆம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியாது.

எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பிசுக்காகும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அது கண்ட்ரோலுக்குள் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், தீப்பொறி பட்டால் விபரீதம். உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும். பிறகு அந்த இடம் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். வால்வு ஆம்ப் வைத்திருந்தால் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே 300, 400 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும்.

அடுத்தது இரைச்சல். ‘ம்ம்ம்’ என்று ஆம்ப் முனகுவதைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதி அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அதனால் நம் ஆம்ப் முனகும் சுருதியே வேறு. இதைக் காதாலேயே பிரித்தறியலாம். ஆறாவது தந்தியில், அதாவது தடித்த ஈ தந்தியில், மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் முனகல் அந்தச் சுருதியோடு ஏறக்குறைய ஒட்டினால், ஒரு மயிரிழை மேலே இருந்தால், அது 100 ஹெர்ட்ஸ். மெயின் கரண்டை டிசி ஆக்கும் இடத்தில் உள்ள பெரிய கன்டென்சர்கள் காய்ந்துவிட்டன என்பதற்கான அடையாளம் அது. முனகல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால், அதாவது பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி மூன்றாவது ஃப்ரெட் சுருதியில் இருந்தால், அது 50 ஹெர்ட்ஸ். அப்போது கோளாறு பெரும்பாலும் எர்த்திலோ வயரிலோ கிட்டார் பிக்கப்பிலோ இருக்கும்.

கன்டென்சர் மாற்றுவது பெரிய விஷயமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், மைக் செட் மெக்கானிக் யாரும் மாற்றித் தருவார். பத்து டிகிரி சூடு கூடினால் கன்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில், தகரக் கூரை அறையில் இருக்கும் ஆம்புக்கு வயது சீக்கிரம் ஏறத்தான் செய்யும்.

50 ஹெர்ட்ஸ் முனகலுக்கு இன்னொரு சோதனை. கிட்டார் வால்யூமைச் சுழியில் வையுங்கள். முனகல் நின்றால் அது கிட்டார் பக்கமிருந்து வருகிறது. வால்யூமைத் திரும்ப ஏற்றி, கிட்டாரோடு நீங்கள் ஒரு சுற்றுத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருந்தால் பிக்கப்தான் பக்கத்தில் இருக்கும் ட்யூப் லைட், ட்ரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து அதைப் பிடிக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப்பின் குணமே அப்படி. இந்தத் தொல்லைக்காகத்தான் 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் செத் லவர் இரண்டு காயில் வைத்த ஹம்பக்கரைக் கண்டுபிடித்தார்.

வோல்டேஜ் பற்றி ஒரு பத்தி. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. சாம்பல் நம் துணியில் படிகிறது, கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. மாநிலத்துக்கே கரண்ட் தரும் இடத்தில், கோடை ராத்திரியில், தெருக் கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் முழுதாக வந்து சேர்வதில்லை. எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ஆம்ப் சீக்கிரம் பிளிறும், முனகல் கூடும். அதை ஆம்பின் கோளாறு என்று நினைக்காதீர்கள். மல்டி மீட்டரை பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி 200-க்குக் கீழே போனால் நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் நேர் எதிர், 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறலாம். லைட் திடீரென்று பளீரென எரிந்தால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் போட்டால் ரீங்காரம் வரத்தான் செய்யும். அதற்கு மருந்து சைன் வேவ் இன்வெர்ட்டர்.

கெட்ட ஆம்பிலிருந்து நல்ல இசை பிறந்ததும் உண்டு. 1951-ல் அமெரிக்காவில் வில்லி கைசார்ட் என்ற கிட்டார்காரரின் ஆம்ப், மெம்ஃபிஸ் ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. ஸ்டுடியோ நடத்திய சாம் ஃபிலிப்ஸ் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். ‘ராக்கெட் 88’ என்ற அந்தப் பாட்டின் உறுமல், ராக் இசையின் ஆரம்பகால உறுமல்களில் ஒன்று. கிழிந்த ஸ்பீக்கர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உறுமும், அதனால் அதை நம்பி வாசிக்கலாம். நம் ஆம்ப்களின் தொல்லை வேறு. அவை இப்போது இருக்கும், அடுத்த நிமிடம் இருக்காது. அதில் யாரும் இசை செய்ய முடியாது.

மைக் செட் மெக்கானிக்குகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 3055 ட்ரான்ஸிஸ்டரை வைத்து அவர்களே ஆம்ப்ளிஃபையர் கட்டிய காலம் ஒன்று இருந்தது. மீனவர் குப்பத்துத் திருவிழா, கட்சிப் பொதுக்கூட்டம், சாவு வீட்டுக் கானா, படகுக்காரர்கள் சேர்ந்து கட்டிய ராயபுரம் புனித பேதுரு கோயில் விழா, இவை எல்லாவற்றின் சத்தமும் அந்தக் கைகளிலிருந்துதான் வந்தது. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதைக் கேட்டுக் கிட்டார் எடுத்த பையன்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். புது ஆம்ப் வாங்க வசதி இல்லாத அவர்களுக்கு இந்த மெக்கானிக்குகள்தான் துணை. ஒரு சின்னக் கோளாறுக்காக ஆம்பைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஆன்லைனில் வேறு வாங்குவது, காசையும் அந்தக் கடையையும் சேர்த்து வீணாக்குவது. அவரிடம் போகும்போது மொட்டையாக “ரிப்பேர்” என்று சொல்லாதீர்கள். எந்நேரம் போகிறது, போட்டு எத்தனை நிமிடத்தில் போகிறது, தட்டினால் வருகிறதா, ஓங்கி வாசித்தால் வருகிறதா என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கோளாறு வரும்போது போனில் பதிவு செய்து கேட்க வையுங்கள்.

இனி அந்தக் கடைசி விஷயம்.

தந்தியைத் தொட்டதும் ஆம்பின் முனகல் குறைவதை எல்லாக் கிட்டார்காரர்களும் கவனித்திருப்பீர்கள். காரணம், கிட்டாரின் பிரிட்ஜ் ஒரு வயர் மூலம் ஜாக்கோடும், ஜாக் ஆம்பின் இரும்புச் சட்டத்தோடும், சட்டம் பிளக்கின் மேல்பக்கத் தடித்த பின் வழியாகப் பூமியோடும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் கிட்டார் வாசிக்கும் நேரம் முழுவதும் உங்கள் விரல்கள் ஆம்பின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. எர்த் சரியாக இருக்கும்வரை அது பாதுகாப்பு. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு வயர் உரசி மெயின் கரண்ட் சட்டத்துக்கு வந்துவிட்டால், அது தந்திக்கும் வரும். அந்த நேரம் உங்கள் உதடு மைக்கைத் தொட்டால், கரண்ட் உங்கள் நெஞ்சு வழியாகப் போகும்.

நடந்திருக்கிறது. 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்ஸீ நகர மேடையில், ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார்காரர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ரசிகர்கள் கண்முன்னே இறந்தார். 1976 மே மாதம் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே, எர்த் இல்லாத கிட்டாரை வாசிக்கும்போது இறந்தார். இருவரும் தொழில்முறைக் கலைஞர்கள்.

நம் பக்கத்தில் முனகலைக் குறைக்க எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். எர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகுகிறார்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வாசிக்கும் கடற்கரை மேடையில், ஜெனரேட்டர் கரண்டில், இதைச் செய்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. முனகல் தாங்கவில்லை என்றால் வழி இருக்கிறது. ஆம்பையும் மைக் செட்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள், பாதி முனகல் போய்விடும். மீதிக்கு, ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் போட்டு அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். சிக்னல் வயரில் எர்த்தைத் தூக்கலாம். மெயின் வயரில் எர்த்தைத் தூக்கவே கூடாது.

மேடை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விழாவுக்குப் பூ, பந்தல், சீரியல் லைட் எல்லாவற்றுக்கும் செலவு செய்கிறீர்கள். அதோடு எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து ஜெனரேட்டருக்கு முறையாக எர்த் கம்பி அடித்து, அதன் உடலையும் நியூட்ரலையும் அந்தக் கம்பியோடு சேர்க்கச் சொல்லுங்கள். மேடைக்குப் போகும் லைனில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை நிகழ்ச்சிக்கு முன் அழுத்திப் பார்த்து, ட்ரிப் ஆகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால், சரி செய்யும்வரை யாரையும் மைக் பிடிக்க விடாதீர்கள்.